வாயைக் கட்டிய ரேடியோ

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர்.

திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருப்பது நாற்காலியில் இருந்தவருக்குப் புதிதல்ல. அதிலிருந்து சத்தம் வராமல் வைத்திருப்பதுதான் புதிது. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கிற சர்வீஸ் சென்டரில் புகார் வாங்குகிற வேலை அவருக்கு. அங்கே அவர் பெயர் ரேடியோ. அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ என்று சிலர் முழுப் பெயரையும் சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் குட்டிக் கண்ணாடி வாய்க்குள் இருக்கும்போதே, பக்கத்து வீட்டுக்காரரின் பல்செட் மீன் தொட்டிக்குள் விழுந்த கதையை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததென்னவோ ஆ, ஊ என்பதுதான். ஆனால் கதையை நிறுத்தவில்லை.

பயம் வந்தால் அவருக்குப் பேச்சு இரண்டு மடங்காகும். அன்றைக்குப் பயம் நிறையவே இருந்தது. சில மாதங்களாகக் காரம் பட்டால் வாய் எரிந்தது. கன்னத்தின் உட்புறம் வலை பின்னியது போல் வெள்ளைக் கோடுகள். மணிக்கட்டில் ஊதா நிறத்தில் தட்டைத் தட்டையாகத் தடிப்புகள், அவற்றில் பிராணன் போகிற அரிப்பு. போன வாரம் கன்னத்துக்குள்ளிருந்து துளியூண்டு சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து அவர் மனதில் ஒரு வார்த்தை உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. ஊரில் உள்ள அத்தனை வார்த்தைகளையும் பேசித் தீர்த்தவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"ரிசல்ட் வந்துடுச்சு. லைக்கன் பிளானஸ். கையில இருக்கிற தடிப்பும் வாய்க்குள்ள இருக்கிற கோடும் ஒரே சமாச்சாரம்தான். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் தெரியாம நம்ம தோலைப் போட்டு அடிக்குது. ஒட்டாது. யாருக்கும் பரவாது."

"அப்போ... அது..."

"அது இல்ல" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை இங்கே வருகிற யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை போலிருக்கிறது. "ஆனா வாய்க்குள்ள இருக்கிறதை அப்பப்போ வந்து காட்டணும். விட்டுடக் கூடாது."

ரேடியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பேச்சும் வந்தது. பல்செட் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கைக்கு ஒரு களிம்பு, வாய்க்கு ஒரு ஜெல், எவ்வளவு அரித்தாலும் சொறியக் கூடாது, சொறிந்த கோட்டிலேயே புதிதாகக் கிளம்பும் என்றெல்லாம் டாக்டர் இடைவெளி பார்த்துப் பார்த்துச் சொன்னார். கடைசியில் பொறுக்க முடியாமல், ஜெல் தடவிக் காட்டுகிற சாக்கில் இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்தார். அறையில் முதன்முறையாக மின்விசிறிச் சத்தம் கேட்டது. அந்த அமைதியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க கையில. அடுத்த தடவை என்னைப் பார்க்க வர்ற வரைக்கும் வாயைக் கட்டணும். கட்டலைன்னா புண்ணு ஆறாது. விவரமெல்லாம் வெளியில நர்ஸ் சொல்வாங்க."

ரேடியோவின் கண்கள் விரிந்தன. வாயைக் கட்டு என்று பள்ளிக்கூட வாத்தியார்கள் சொல்லியிருக்கிறார்கள், மேனேஜர் சொல்லியிருக்கிறார், முன்பின் தெரியாத பஸ் கண்டக்டர்கூடச் சொல்லியிருக்கிறார். வைத்தியமாக யாரும் சொன்னதில்லை.

வெளியே வந்ததும் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு நர்ஸிடம் போனார். "சிஸ்டர், இனிமே நான் பேச முடியாது. அதனால இப்பவே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். நர்ஸும் ஒவ்வொரு விரலாக மடக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் ரேடியோவுக்குத் தன் குரல்தான் கேட்கும். நர்ஸ் ஐந்து விரலையும் மடக்கி முடித்து, "புரிஞ்சுதா சார்?" என்றார். ரேடியோ கனமாகத் தலையாட்டினார். படியிறங்கும்போது வாயை இறுக மூடிக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு நூலகத்தில் வேலை. அங்கே யாரும் பேசக் கூடாது. வீட்டுக்கு வந்தால் ரேடியோ பேசுவதை நிறுத்த மாட்டார். ஆக, அந்த அம்மாளுக்குப் பேசுவதற்கென்று உலகத்தில் ஓர் இடம் இல்லாமல் இருந்தது. என் வீட்டம்மாவுக்குப் பேச்சே வராது, ரொம்ப அமைதி என்று ரேடியோ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

"ரிசல்ட் என்னங்க ஆச்சு?" என்று கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

ரேடியோ மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தார். ஒரு துண்டுக் காகிதத்தில், 'பயமில்லை. அது இல்லை. ஆனால் டாக்டர் வாயைக் கட்டச் சொல்லிவிட்டார்' என்று எழுதி நீட்டினார். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அவள் முதல் இரண்டு வரியைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தாள்.

"பேசவே கூடாதாமா?"

தலையாட்டினார்.

"டாக்டரே சொன்னாரா? வாயைக் கட்டணும்னு?"

அதற்கும் தலையாட்டினார்.

அவள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, "லைப்ரரிக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன்" என்று பால்கனிக்குப் போனாள். திரும்பி வந்து நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே விம்மல் மாதிரி ஏதோ கேட்டது. பாவம், எனக்காக அழுகிறாள் என்று ரேடியோ நினைத்தார்.

அன்றைக்குச் சாப்பாடு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. காரம் என்ற பேச்சே இல்லை. புளிப்பும் இல்லை. காய் பல்லில்லாத குழந்தைக்கு வேகவைத்த மாதிரி குழைந்திருந்தது. கவலையில் கை தவறியிருக்கும் என்று பொறுத்துக்கொண்டார். மறுநாளும் கை தவறியது. காலைக் காபி ஆறிப்போய் வந்தது. 'காபி ஆறிப்போச்சு' என்று எழுதிக் காட்டினார். அவள் படித்துவிட்டு, "ஆமா" என்றாள். அதற்கு அடுத்த நாள் இன்னும் ஆறியிருந்தது. 'மிளகாய் என்ன ஆச்சு?' என்று எழுதினார். "வாங்கலை" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

பல் தேய்க்கப் போனால் பற்பசை மாறியிருந்தது. வாயில் குளுகுளுவென்று ஏறுகிற புதினா வாசனை இல்லை. நுரையும் சரியாக வரவில்லை. பிரஷ்ஷும் பூனை வால் மாதிரி மெத்தென்று இருந்தது.

இவளுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று ரேடியோ முடிவுகட்டினார். இத்தனை வருஷக் கோபத்தையும், நான் வாய் திறக்க முடியாத நேரமாகப் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறாள். நியாயம் கேட்கலாமென்றால் வாய் கட்டிக் கிடக்கிறது. ஆறின காபியை அவர் நீதிமன்றத்தில் நிற்கிற முகத்துடன் குடித்தார்.

சர்வீஸ் சென்டரில் நிலைமை வேறு விதமாக முற்றியது.

அடுத்த மேஜையில் இருந்த பெண் அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "சார், அது என்ன? ஒட்டுமா?" என்று கேட்டாள். பதில் வராததால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள். மறுநாள் மேஜையையே நகர்த்தினாள். ரேடியோவுக்கு அவமானமாக இருந்தது. ஒரு பெரிய காகிதத்தில் 'ஒட்டாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பசை தடவி மேஜை முகப்பில் ஒட்டினார்.

கையில் ஒரு நீளமான ரப்பர் பட்டையுடன் வந்த முதல் வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன். ஃபிரிட்ஜ் கதவு ரப்பர். என்ன போட்டாலும் ஒட்ட மாட்டேங்குது. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது.

முன்பெல்லாம் யாராவது, "எங்க மெஷின்ல..." என்று ஆரம்பித்தால் போதும், "பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பாருங்க, எங்க மாமா வீட்டு மெஷின்கூட இப்படித்தான்" என்று மாமா வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். இப்போது வேறு வழியில்லாமல் கேட்டார். துணி பிழியும்போது மெஷின் நடந்து நடந்து கதவு வரைக்கும் வந்துவிடுகிறது என்று ஒரு பெண்மணி சொன்னாள். அவர் கேட்டார். அந்த வீட்டை விட்டு வெளியே போக நினைக்கிறது மெஷின் மட்டும் இல்லை என்றாள். அதையும் கேட்டார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "இப்பதான் சார் மனசு லேசாச்சு" என்று எழுந்து போனாள். மெஷினைச் சரிபார்க்க ஆள் அனுப்பச் சொல்லவே இல்லை.

செய்தி பரவியது. வரிசை வாசல் தாண்டியது. வேறு கம்பெனி மெஷின் வைத்திருந்தவர்கள் வந்தார்கள். மெஷினே இல்லாதவர்களும் வந்தார்கள்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "என்ன சார் நடக்குது? புகார் இப்படி ஏறிக்கிட்டே போனா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ரேடியோ மேனேஜரின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நீங்க பேசாம இருந்தா ஆச்சா? மேலிடத்துல என்னை என்ன பாடு படுத்தறாங்க தெரியுமா?" என்றார் மேனேஜர். ரேடியோவுக்குத் தெரியாது. அதனால் மேனேஜர் சொன்னார். அதிலிருந்து வீட்டுக்குப் போனார். வீட்டிலிருந்து தன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதைக்குப் போனார். வெளியே வரிசை காத்திருக்க, உள்ளே மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ரேடியோவைக் கூப்பிட ஆரம்பித்தார்.

வரிசையைக் குறைக்க மேனேஜரே ஒரு யோசனை கண்டுபிடித்தார். ரேடியோவைப் போன் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார். பேசாத மனிதரைப் போனில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்கலாம். தம்பி நினைவில் மறந்துவிட்டார்.

ரேடியோ பேனாவால் போனைத் தட்டினார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. இது அவருக்குத் தெரியும். போன் செய்தவர்களுக்குத் தெரியாது. லைனில் டொக் டொக் என்று சத்தம் வருகிறது என்று புகார் குவிந்தது. டெலிபோன் ஆள் வந்து மேஜைக்கடியில் படுத்து ஒயரையெல்லாம் பிரித்துப் போட்டார். கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. வந்த மனிதர், பிரித்ததைச் சேர்க்காமலேயே போய்விட்டார். ரேடியோ பழைய மேஜைக்கே திரும்பினார். வரிசை அவருக்கு முன்பே அங்கே வந்திருந்தது.

அன்றைக்கு மனம் வெறுத்துப் போய், எதிர்க் கடையில் மிளகாய்த் தூள் தூவிய வறுவல் ஒரு பொட்டலம் வாங்கினார். வீட்டில்தான் நாக்குக்கு வழியில்லை, இங்கேயாவது என்று ஒரு வாய் மொறுமொறுவென்று கடித்தார். கன்னத்துக்குள் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது. துள்ளி எழுந்து, "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

எரிச்சல் சாயங்காலம் வரைக்கும் அடங்கவில்லை. பார், இரண்டே வார்த்தை பேசினதற்கு என்ன தண்டனை என்று ரேடியோ தன்னைத்தானே நொந்துகொண்டார். வாயை முன்னைவிட இறுக்கிக் கட்டினார்.

வீட்டில் அதற்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவள் பேச ஆரம்பித்திருந்தாள்.

முதலில் ஒரு வரி, இரண்டு வரிதான். "இன்னிக்கு லைப்ரரியில ஒருத்தர் புத்தகத்துக்குள்ள சீப்பை வெச்சுத் திருப்பிக் கொடுத்துட்டாருங்க." சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் நிறுத்தினாள். சீப்பு பற்றி ரேடியோவிடம் மூன்று கதைகள் இருந்தன. மூன்றையும் விழுங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் மேலே சொன்னாள். அந்தச் சீப்புக்காரரைப் போலவே நடித்துக் காட்டினாள். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இவளுக்கு இப்படியெல்லாம் வருமா என்று ஆச்சரியமாக இருந்தது.

மணிக்கட்டுக்குக் களிம்பு தடவிக்கொண்டே ஒரு நாள் சொன்னாள். "ஸ்கூல்ல பேச்சுப் போட்டின்னா முதல் பரிசு எனக்குத்தான். தெரியுமா உங்களுக்கு? எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பீரங்கின்னுதான் கூப்பிடுவாங்க."

ரேடியோ அவளை வாயைப் பிளந்து பார்த்தார். தன் வீட்டில் ஒரு பீரங்கி இத்தனை வருஷம் மெழுகுவர்த்தி மாதிரி இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தார். எழுதாமலேயே பதில் தெரிந்ததால் கீழே வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அரிக்குதா? சொறியாதீங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள். "நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பார்த்ததை நான் பார்த்தேன். வெளியில வந்து மழை வரும் போலிருக்குன்னு அரை மணி நேரம் பேசினீங்க. பயந்துட்டீங்கன்னா உங்களுக்குப் பேச்சு ஜாஸ்தியாகும், எனக்குத் தெரியாதா? நானும்தான் பயந்து செத்தேன். என்னன்னு கேக்கலாம்னா, நடுவுல நுழைய ஒரு இடம் விட்டாத்தானே."

ரேடியோ பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் 'ரொம்ப பயமா இருந்துச்சு' என்று எழுதிக் கொடுத்தார். யாரிடமும் வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதிவிட்டதில் அவருக்கே அழுகை வந்தது. அவள் அந்தக் காகிதத்தை மட்டும் குப்பையில் போடவில்லை.

அதன் பிறகு அவர் சாயங்காலத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். ஆறின காபியைக்கூடக் குறை சொல்லத் தோன்றவில்லை. டாக்டரிடம் திரும்பப் போக வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவருக்கு விசித்திரமாக ஒரு கவலை வந்தது. வாயைத் திறந்தால் இந்தப் பீரங்கி மறுபடி ஓய்ந்துவிடுமோ என்று.

டாக்டர் விளக்கைப் பிடித்து வாய்க்குள் பார்த்தார். இந்தத் தடவை உள்ளேயிருந்து ஆ, ஊ எதுவும் வரவில்லை.

"புண்ணு நல்லா ஆறியிருக்கு. கோடு மங்கலா இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும். இது திரும்பவும் தலைகாட்டும், வாயில வந்தா லேசுல போகாது. வரும்போது பார்த்துக்கலாம்." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். தடிப்புகள் அமுங்கிப் பழுப்புத் தழும்பாகியிருந்தன. "இதுவும் நாளாவட்டத்துல மங்கும். பரவாயில்ல சார், சொன்ன மாதிரி வாயை நல்லாக் கட்டியிருக்கீங்க."

ரேடியோ எழுதிக் காட்டினார்: 'இனி பேசலாமா?'

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். "பேசக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

ரேடியோ டாக்டரையே விரலால் சுட்டிக் காட்டினார்.

"நான் சாப்பாட்டைச் சொன்னேன் சார். காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறது, மொறுமொறுன்னு கடிக்கிறது, அதெல்லாம் வேண்டாம்னு. புதினா பேஸ்ட்கூட எரியும்னு நர்ஸ் சொல்லியிருப்பாங்களே." டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். "அப்போ இத்தனை நாளா நீங்க பேசவே இல்லையா?"

ரேடியோ வாயைத் திறந்தார். துருப்பிடித்த கதவு மாதிரி முதலில் ஒரு சத்தம்தான் வந்தது. பிறகு, "இல்ல" என்று ஒரு வார்த்தை வந்தது.

வெளியே நர்ஸ் மருந்துச் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ரேடியோ அவர் குத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் பேசினார்.

"சிஸ்டர், அன்னிக்கு நீங்க விரல்விட்டுச் சொன்னது எதையும் நான் கேக்கலை. மன்னிச்சுக்குங்க. எப்படியோ தப்பிச்சேன். என் வீட்டம்மாவுக்கு என்மேல ஏதோ கோபம். காரமில்லாம, புளிப்பில்லாம, காபியை ஆறவெச்சு, பேஸ்ட்டைக்கூட மாத்தி வெச்சுப் பழிவாங்கிட்டா. அவளுக்கே தெரியாம அதுதான் எனக்கு வைத்தியமா அமைஞ்சுபோச்சு. இனிமே நான் பேசலாம்னு அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. பாவம், அவளும் என்னை மாதிரியே தப்பாப் புரிஞ்சுக்கிட்டு இருக்கா."

நர்ஸ் முத்திரையைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டம்மா அன்னிக்குச் சாயங்காலமே போன் பண்ணி என்கிட்ட எல்லாத்தையும் விவரமாக் கேட்டுக்கிட்டாங்களே சார், 'சாப்பாட்டை நான் கட்டிக்கிறேன், பேச்சை அவர் கட்டினபடியே இருக்கட்டும், நீங்க அவிழ்த்துவிட்டுடாதீங்க'ன்னு சொல்லித்தானே வெச்சாங்க."